பிஞ்சுக் கைகளுக்குப் பாடம் சொன்ன மரியா மாண்டிசோரி அம்மையார்

(பத்தாம் வகுப்பு மாணவி)

முன்னுரை

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. அந்தத் தொட்டில் பழக்கத்தை நான் எவ்வளவு தவறாக என் தம்பிக்குக் கற்பிக்கப் பார்த்தேன் என்பதைச் சொல்லிவிட்டே இக்கட்டுரையைத் தொடங்க வேண்டும்.

தம்பி இரண்டாம் வகுப்புப் படிக்கிறான். மூன்று சுழி ணகரம் எழுதச் சொன்னால் இரண்டு சுழியோடு நிறுத்திவிடுவான். சில நாள் நான்கு சுழி போடுவான். ஒரு நாள் மாலை எனக்குப் பொறுமை போய், அவன் கையை இறுகப் பிடித்து நானே எழுத வைத்தேன். தாள் கிழிந்தது. பென்சில் முனை ஒடிந்தது. அவன் அழுதுகொண்டே ஆச்சியின் மடியில் போய் விழுந்தான். எழுத்து அவன் தலைக்குள் போக வேண்டுமானால் கையை ஏன் இப்படிப் பிடித்து நெரிக்கிறாய் என்று ஆச்சி என்னைக் கேட்டார்கள். எனக்கு மறுமொழி சொல்லத் தெரியவில்லை.

ஆண்டு மலருக்கு ஒரு சான்றோர் வரலாறு எழுத வேண்டும் என்று ஆசிரியை சொன்னபோது, மரியா மாண்டிசோரி அம்மையாரைப் பற்றி எழுதும்படி எங்கள் நூலகச் சகோதரி கூறினார்கள். அவ்வரலாற்றைப் படிக்கப் படிக்க, ஆச்சி கேட்ட கேள்விக்கு விடையை ஒருவர் நூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டு வைத்திருக்கிறார் என்று தெரிந்துகொண்டேன்.

பிறப்பும் இளமையும்

இத்தாலி நாட்டில் அங்கோனா நகருக்கு அருகிலுள்ள கியாரவல்லே என்னும் சிற்றூரில், 1870-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31-ஆம் நாள் மரியா பிறந்தார். தந்தை அலெஸ்ஸாண்ட்ரோ மாண்டிசோரி அரசாங்க அலுவலர். தாய் ரெனில்டே நூல்களை விரும்பிப் படிப்பவர். பெண்கள் எழுதப் படிக்கத் தெரிந்திருப்பதே அரிதாக இருந்த அக்காலத்தில் இது பெரிய செய்தி. ஏழைகளுக்காக நாள்தோறும் சிறிது கம்பளி பின்ன வேண்டும் என்று அந்தத் தாய் மகளைப் பழக்கினார். வீட்டுத் தரையில் இத்தனை கற்கள் என்று கணக்கு வைத்துக்கொண்டு மரியா தாமே துடைப்பாராம். பிற்காலத்தில் உலகம் முழுவதும் அவர் சொன்ன பாடம் தம் வீட்டுத் தரையிலேயே தொடங்கிவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

மரியாவுக்கு ஐந்து வயதானபோது குடும்பம் ரோமாபுரிக்குக் குடிபெயர்ந்தது. பதின்மூன்றாம் வயதில் அவர் பையன்கள் பயிலும் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். கணக்கு அவருக்கு விருப்பப் பாடம். முதலில் பொறியாளராக எண்ணியவர், பிறகு மருத்துவராகத்தான் ஆவேன் என்று உறுதி கொண்டார். தந்தைக்கு அதில் உடன்பாடில்லை. தாய் துணை நின்றார். ஆண் மாணவர்களோடு சேர்ந்து ஒரு பெண் உடற்கூறு பயில்வது தகாது என்று கருதப்பட்டதால், வகுப்பு முடிந்தபின் தன்னந்தனியே பிணங்களை அறுத்துப் படித்தார். 1896-இல் ரோமாபுரிப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்று, இத்தாலியின் முதல் பெண் மருத்துவர்களுள் ஒருவரானார்.

கைகளின் பசி

பட்டம் பெற்றபின் அவர் பல்கலைக்கழக மனநல மருத்துவமனையில் பணியாற்றினார். அக்காலத்தில் மூளை வளர்ச்சி குன்றிய குழந்தைகளையும் மனநோயாளர் விடுதிகளிலேயே அடைத்து வைத்திருந்தனர். வெற்றுச் சுவர்களைத் தவிர அவர்கள் அறையில் ஒன்றும் இராது. உணவு முடிந்ததும் அக்குழந்தைகள் தரையில் சிந்திய ரொட்டித் துணுக்குகளைத் தேடித் தவழ்ந்தனர். அங்கிருந்த பணிப்பெண் அதை வெறும் தீனியாசை என்று எண்ணி அருவருத்தாள். ஆனால் அம்மையார் உற்றுப் பார்த்தார். குழந்தைகள் துணுக்குகளைத் தின்னவில்லை. விரல்களால் உருட்டி விளையாடிக்கொண்டிருந்தனர். தொட்டுப் பார்க்க வேறு ஒன்றுமே அவர்களுக்கு இல்லை. வயிற்றுக்குப் பசி இருப்பதுபோலக் கைக்கும் பசி உண்டு என்று அவர் அன்று கண்டார்.

இதார், செகுயின் என்னும் இரு பிரெஞ்சு மருத்துவர்கள் இத்தகைய குழந்தைகளைப் பற்றி எழுதிய நூல்களைத் தேடிப் பிடித்தார். அவற்றைத் தம் தாய்மொழியில் பெயர்த்துக் கைப்படவே எழுதிப் படித்தார். தொடவும் பிடிக்கவும் கோக்கவும் பொருள்கள் செய்து கொடுத்தார். ஒன்றுக்கும் உதவார் என்று தள்ளப்பட்ட பிள்ளைகளுள் சிலர், பொதுப் பள்ளித் தேர்வை எழுதித் தேறினர். எல்லாரும் அவரைப் புகழ்ந்தனர். அவருக்கோ வேறொரு கவலை பிறந்தது. குறையுள்ள குழந்தைகளே இவ்வளவு கற்றால், நல்ல உடல்நலமுள்ள குழந்தைகள் பள்ளியில் ஏன் இவ்வளவு குறைவாகக் கற்கின்றனர் என்று எண்ணினார்.

குழந்தைகள் இல்லம்

அக்கேள்விக்கு விடை காணும் வாய்ப்பு 1907-இல் கிடைத்தது. ரோமாபுரியில் சான் லொரென்சோ என்பது ஏழைகள் வாழும் பகுதி. பெற்றோர் விடியற்காலையில் வேலைக்குப் போய்விடுவர். பள்ளி வயது வராத சிறுவர்கள் படிக்கட்டுகளில் ஓடி, சுவர்களில் கிறுக்கிக்கொண்டு திரிவர். வீடுகளைப் புதுப்பித்த நிறுவனத்தார், சுவர்களைக் காப்பாற்றவாவது இவர்களை ஓரிடத்தில் வைக்க வேண்டும் என்று ஓர் அறை கொடுத்தனர். 1907 ஜனவரி 6-ஆம் நாள், மூன்று இராசாக்கள் திருநாளன்று, அங்கே குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. ஏறத்தாழ ஐம்பது குழந்தைகள். அழுத கண்ணும் அழுக்கு உடையுமாக வந்து சேர்ந்தனர். மூன்று அரசர்கள் தேடி வந்ததும் ஓர் ஏழைக் குழந்தையைத்தானே!

அம்மையார் அங்கே மேடை போட்டுப் பாடம் நடத்தவில்லை. குழந்தைகள் தாமே தூக்கி வைக்கத்தக்க சிறு மேசை நாற்காலிகள் செய்வித்தார். தண்ணீர் ஊற்றுதல், மேசை துடைத்தல், பொத்தான் போடுதல், கைகழுவுதல் முதலிய வீட்டு வேலைகளையே முதற்பாடமாக வைத்தார். ஒரு நாள் மூக்குச் சிந்துவது எப்படி என்று கைக்குட்டையை வைத்து மெல்லச் செய்து காட்டினார். குழந்தைகள் மகிழ்ந்து கைதட்டினர். மூக்கு ஒழுகுகிறது என்று எல்லாரும் அவர்களைத் திட்டியிருக்கின்றனர். எப்படித் துடைப்பது என்று மரியாதையாகச் சொல்லிக் கொடுத்தவர் அதுவரை ஒருவருமில்லை.

இன்னொரு நாள், மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மரக் குழிகளில் உருளைக் கட்டைகளைப் பொருத்திக்கொண்டிருந்தாள். பொருத்துவாள், எடுப்பாள், கலைப்பாள், மீண்டும் பொருத்துவாள். மற்றப் பிள்ளைகளை அவளைச் சுற்றிப் பாடச் செய்தார் அம்மையார். அவள் நிமிரவில்லை. அவள் இருந்த நாற்காலியையே தூக்கி மேசைமேல் வைத்தார். கட்டைகளை மடியில் அணைத்துக்கொண்டு, அங்கேயும் தன் வேலையைத் தொடர்ந்தாள். நாற்பது முறைக்கும் மேல் செய்தபின், உறங்கி எழுந்தவள்போலத் தெளிந்த முகத்தோடு தானே நிறுத்தினாள். சின்னக் குழந்தைக்குக் கவனம் நிற்காது என்று நாம் சொல்கிறோம். அதன் கைக்கு ஏற்ற வேலை கிடைத்தால் கவனம் தானே நிற்கும் என்பதற்கு அச்சிறுமியே சாட்சி.

அக்குழந்தைகளின் பெற்றோரிற் பலர் எழுத்தறியாதவர். எங்கள் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித் தாருங்கள் என்று தாய்மார்களே வந்து கேட்டனர். அம்மையார் உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி அட்டையில் ஒட்டினார். குழந்தைகள் அதன்மேல் எழுதும் போக்கிலேயே விரலை ஓட்டி, அதன் ஒலியைச் சொல்லிப் பழகினர். கண் பார்க்கிறது, காது கேட்கிறது, விரல் நினைவில் வைக்கிறது. சில மாதங்கள் சென்றன. வெயில் காய்ந்த ஒரு டிசம்பர் நாள், மொட்டை மாடியில் ஒரு சிறுவனிடம் சுண்ணக்கட்டியைக் கொடுத்துப் புகைபோக்கியை வரையச் சொன்னார். அவன் வரைந்தான். பிறகு அதன் பெயரையும் தரையில் எழுதிவிட்டு, எனக்கு எழுத வருகிறது என்று கூவினான். மற்றவர்களும் சுண்ணக்கட்டி வாங்கி எழுதத் தொடங்கினர். யாரும் அவர்கள் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

1908 டிசம்பரில் மெசினா நகரில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. பெற்றோரை இழந்த குழந்தைகள் சிலரை ரோமாபுரியிலிருந்த மரியாயின் பிரான்சிஸ்கன் மறைபரப்புச் சகோதரிகள் தம் மடத்தில் ஏற்றனர். பேச்சும் சிரிப்பும் அற்றிருந்த அப்பிள்ளைகளுக்கும் அம்மையாரின் முறைப்படியே அங்குக் கல்வி அளிக்கப்பட்டது. உணவு மேசையை ஒழுங்கு செய்தல், பூ அடுக்குதல், விருந்தினரை உபசரித்தல் ஆகிய வேலைகளின் வழியே அவர்கள் மெல்ல மெல்ல மலர்ச்சி பெற்றனர்.

கடல் கடந்த புகழும் துன்பமும்

1909-இல் வெளிவந்த அவருடைய நூல் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. அமெரிக்கா முதலிய நாடுகள் அவரை அழைத்துச் சிறப்பித்தன. ஆயினும் அவர் வாழ்வில் ஒரு துயரம் இருந்தது. தம் ஒரே மகன் மரியோவைச் சிறு வயதில் உடன் வைத்து வளர்க்க அவருக்கு வாய்க்கவில்லை. மரியோ ஏறத்தாழ என் வயதை எட்டியபிறகே தாயோடு வந்து சேர்ந்தார். அதன்பின் இறுதிவரை தாயின் வலக்கையாக விளங்கினார்.

இத்தாலியில் சர்வாதிகாரி முசோலினி முதலில் இப்பள்ளிகளை ஆதரித்தார். பிள்ளைகளைப் போருக்குப் பழக்கும் போக்கிற்கு அம்மையார் இணங்காததால் 1934-இல் அவை மூடப்பட்டன. அவர் நாட்டைவிட்டு வெளியேறினார். ஸ்பெயினில் தங்கியிருந்தபோது 1936-இல் அங்கே உள்நாட்டுப் போர் மூண்டது. பிறகு ஹாலந்தில் அடைக்கலம் புகுந்தார்.

சென்னையிலும் கோடைக்கானலிலும்

1939-இல் பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் அவர் துணைவியார் ருக்மிணி தேவியும் அழைக்க, அறுபத்தொன்பது வயதில் அம்மையார் சென்னை அடையாறுக்கு வந்தார். ஏறத்தாழ 300 பேர் அவரிடம் பயில வந்தனர். ஓலைக் கொட்டகைகளில் வகுப்புகள் நடந்தன. அம்மையார் இத்தாலிய மொழியில் சொல்ல, மரியோ ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொன்னார்.

1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியது. இங்கிருந்த ஆங்கில அரசு அவ்விருவரையும் எதிரி நாட்டார் எனக் கருதி, மரியோவை அகமத்நகர் முகாமில் அடைத்தது. அம்மையார் அடையாற்றைவிட்டு வெளியே போகக் கூடாது என்று கட்டளையிட்டது. அவ்வாண்டு ஆகஸ்ட் 31-ஆம் நாள் அவருடைய எழுபதாவது பிறந்தநாள். அன்று அரசு அவருக்கு அளித்த பரிசு, மகனின் விடுதலை.

1942 முதல் 1944 வரை அவர்கள் நம் கோடைக்கானல் மலையில் வாழ்ந்தனர். அங்கே பல வயதுப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் சிறு பள்ளி நடந்தது. செடி, பூச்சி, கல், நீர் எல்லாமே அங்குப் பாடப் பொருள்கள். இந்தியாவில் அவரிடம் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். பிறந்தது முதல் ஆறு வயது வரை குழந்தையின் மனம் சூழலை எவ்வாறு உறிஞ்சிக்கொள்கிறது என்பதை விளக்கும் அவருடைய நூல் 1949-இல் சென்னையில்தான் முதன்முதல் அச்சாயிற்று. அமைதிக்கான நோபல் பரிசுக்கு மூன்று ஆண்டுகள் அவர் பெயர் முன்மொழியப்பட்டது. 1952 மே 6-ஆம் நாள் ஹாலந்தில் கடற்கரை ஊராகிய நோர்ட்வைக்கில் இறைவனடி சேர்ந்தார்.

எங்கள் கரிசல் மண்ணில்

இனி, எங்கள் கோவில்பட்டிப் பக்கத்துக் கதையைச் சொல்கிறேன். இது கரிசல் பூமி. மழையை நம்பிய மானாவாரி நிலம். உளுந்து, பாசிப்பயறு, கம்பு, சோளம், பருத்தி விளையும். மழை பொய்த்தால் ஒன்றும் விளையாது. அக்காலங்களில் குடும்பங்களைக் காப்பாற்றியது தீப்பெட்டித் தொழில். ஆச்சி ஏழு வயதிலேயே தீப்பெட்டி ஆபீசுக்குப் போனார்கள். விடியுமுன் வண்டி வந்து சிறுபிள்ளைகளை ஏற்றிக்கொள்ளும். மரச்சட்டத்தின் வரிகளில் தீக்குச்சிகளை ஒவ்வொன்றாக அடுக்கும் வேலை. எங்கள் பக்கம் அதைக் கட்டை அடுக்குதல் என்பார்கள். சிறுவிரல்களுக்கு வேகம் அதிகம் என்பதால் சிறுபிள்ளைகளையே தேடினார்களாம்.

சான் லொரென்சோவில் கட்டை பொருத்திய சிறுமியையும், இங்கே கட்டை அடுக்கிய என் ஆச்சியையும் ஒன்றாக நினைத்துப் பார்க்கிறேன். இருவர் விரல்களும் ஒரே வேலையைத்தான் செய்தன. அவள் தன் மனம் நிறைந்ததும் நிறுத்தினாள். ஆச்சி சட்டம் நிறைந்ததும் அடுத்த சட்டத்தை எடுத்தார்கள். அவள் கை அவளுக்கு எழுத்தைக் கொடுத்தது. ஆச்சியின் கை வீட்டுக்குக் கூலியைக் கொடுத்தது. எழுத்து மட்டும் வரவேயில்லை. இன்றும் ஆச்சி கைநாட்டுத்தான் வைக்கிறார்கள்.

தீப்பெட்டித் தயாரிப்பில் 14 வயதுக்குட்பட்டோரை அமர்த்தக் கூடாது என்று 1986-இல் சட்டம் வந்தது. 6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி உரிமை என்று 2009-இல் இன்னொரு சட்டம் வந்தது. சட்டங்கள் பிள்ளைகளின் கைகளை விடுவித்துவிட்டன. விடுபட்ட கைகளுக்கு நாம் என்ன கொடுக்கிறோம்? பெரும்பாலும் ஒரு பென்சிலும் திட்டும், அல்லது கைப்பேசி. அதனால் அம்மையாரின் முறையை எங்கள் வீட்டிலேயே செய்து பார்த்தேன். பணச் செலவு ஏதுமில்லை.

வீட்டில் செய்து பார்த்தவை

1. பயறு பிரித்தல்: உளுந்து, பாசிப்பயறு, மொச்சை மூன்றையும் ஒரு தட்டில் கலந்து, மூன்று கிண்ணங்களில் பிரிக்கச் சொல்ல வேண்டும். பென்சில் பிடிக்கும் அதே மூன்று விரல்கள் இதில் பழகும். மிகச் சிறு குழந்தைகள் வாயிலும் மூக்கிலும் போட்டுக்கொள்ளும். பெரியவர் அருகில் இருக்க வேண்டும்.

2. ஊற்றுதல்: முதலில் கம்பைச் செம்பிலிருந்து செம்புக்கு ஊற்றலாம். கை நிதானப்பட்டபின் தண்ணீர். நம் ஊரில் தண்ணீரின் அருமை தெரியுமாதலால், செடித் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தே இதைச் செய்தோம்.

3. ஒலிப் பெட்டிகள்: காலித் தீப்பெட்டிகள் எட்டு எடுத்து, உரசும் பக்கத்தைக் காகிதம் ஒட்டி மறைத்தேன். இரண்டில் கம்பு, இரண்டில் உளுந்து, இரண்டில் புளியங்கொட்டை, இரண்டில் மணல். ஆட்டிப் பார்த்து, ஒரே ஒலியுள்ள சோடியைக் கண்டுபிடிக்க வேண்டும். தம்பிக்கு இதுவே மிகவும் பிடித்தது.

4. தொட்டறிதல்: கண்ணைக் கட்டிக்கொண்டு பருத்தி, பட்டு, சாக்கு ஆகியவற்றைத் தடவிப் பெயர் சொல்லுதல், மல்லி, சீரகம், ஏலக்காய் ஆகியவற்றை மோந்து சொல்லுதல்.

5. துணி மடித்தல்: கைக்குட்டையை இரண்டாக மடித்தால் அரை, நான்காக மடித்தால் கால். பின்னக் கணக்கின் விதை இதுதான்.

6. பல்லாங்குழிக் கணக்கு: பத்துக் குழிகளுக்கு அருகே 0 முதல் 9 வரை எழுதி வைத்து, அத்தனை புளியங்கொட்டைகளைப் போடச் சொல்ல வேண்டும். சுழியத்தின் குழி காலியாகவே இருக்கும். ஒன்றுமில்லை என்பதும் ஓர் எண்தான் என்று குழந்தைக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

7. மணல் எழுத்து: அட்டையில் பசையால் பெரிய எழுத்து எழுதி, அதன்மேல் மணலைத் தூவிக் காய வைக்க வேண்டும். எழுதும் போக்கிலேயே விரலை ஓட்டச் செய்ய வேண்டும். இது நமக்குப் புதிதுமன்று; நம் திண்ணைப் பள்ளிகளில் மணலில் விரலால் எழுதித்தான் கற்றனர்.

இவற்றுக்கு அம்மையார் வகுத்த ஒழுங்கு எளியது. ஒரு சிறு பாயை விரித்து, அதன்மேல் ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலை. பேச்சைக் குறைத்து மெதுவாக ஒருமுறை செய்து காட்டிவிட்டு விலகிக்கொள்ள வேண்டும். குழந்தை தானே செய்யக்கூடியதை நாம் செய்து கொடுக்கக் கூடாது. தவறினால் அதட்டாமல், வேறொரு நாள் மீண்டும் செய்து காட்ட வேண்டும். முடிந்ததும் எடுத்த இடத்தில் குழந்தையே வைக்க வேண்டும். போதும் என்று குழந்தை எழுந்தால் விட்டுவிட வேண்டும். இந்தக் கடைசி விதிதான் அக்காவாகிய எனக்கு மிகக் கடினமாக இருந்தது.

முடிவுரை

மூன்று வாரம் சென்றபின் ஒரு மாலை, தம்பி யாரும் சொல்லாமலே ணகர அட்டையை எடுத்தான். சுழிகளை விரலால் எண்ணிக்கொண்டே இரண்டு முறை தடவினான். பிறகு நோட்டில் எழுதினான். மூன்று சுழிகள் சரியாக இருந்தன. சற்றுக் கோணல்தான், ஆனால் அது அவனுடைய எழுத்து. நான் வாய் திறக்கவில்லை.

அன்றிரவு பாத்திரங்களை எடுத்து வைத்துவிட்டுத் திரும்பியபோது, ஆச்சி விளக்கடியில் அந்தப் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். அட்டைகளை அடுக்கி வைப்பதுபோல இருந்தது. அருகில் போனபோதுதான் கவனித்தேன். அகரத்தின்மேல் அவர்கள் விரல் மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. நான் செய்து காட்டப் போகவில்லை. இடையில் நுழையக் கூடாது என்பதும் அம்மையார் சொன்னதுதானே.

அன்புத் தோழியரே, உங்கள் வீட்டிலும் ஒரு தம்பியோ தங்கையோ இருக்கலாம். ஒரு தட்டுப் பயறும் ஒரு சிறு பாயும் எடுத்து வையுங்கள். மறுநாளைக்கு நான் ஆகார அட்டையும் செய்து பாயருகே வைத்துவிட்டேன்.